டுஷே: மருந்து கேட்காத வெள்ளை ரோஜா

வெள்ளை ரோஜாவின் இதழ் ஒன்றை இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளை காணாமல் போய், ஒளி ஊடுருவும் ஈரத் துணுக்கு ஒன்றுதான் விரலில் ஒட்டியிருக்கும். வெள்ளைச் சாயம் என்று எதுவும் அந்த இதழில் இருந்ததே இல்லை. செல்களின் இடுக்குகளில் இருந்த காற்று, விழுந்த ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடித்தது. அதைத்தான் வெள்ளை என்று பார்த்தோம். அழுத்தியதும் காற்று வெளியேறிவிட்டது. சிவப்பு ரோஜாவில் ஆந்தோசயனின் என்ற நிறமி உண்டு. வெள்ளை ரோஜாவில் அதைத் தயாரிக்கும் வேலை ஏதோ ஒரு கட்டத்தில் நின்றுபோயிருக்கிறது, அவ்வளவுதான்.

தூய வெள்ளையைவிடச் சுவாரசியமானது பாலாடை நிற ரோஜா. மொட்டில் இளமஞ்சள் தெரியும். விரிய விரிய வெளுத்துக்கொண்டே வரும். அந்த மஞ்சள், கேரட்டுக்கு நிறம் தரும் கரோட்டினாய்டு குடும்பத்தைச் சேர்ந்தது. வெளுக்கும்போது அது எங்கே போகிறது? ரோஜா இதழில் கரோட்டினாய்டுகளை வெட்டும் நொதிகள் உண்டு. வெட்டுப்பட்ட துண்டுகள் சிறியவை, எளிதில் ஆவியாகிக் காற்றில் கலப்பவை. பீட்டா அயனோன் அப்படிப்பட்ட ஒரு துண்டு; மூக்குக்கு அதுவே மணம். கண் இழந்ததில் ஒரு பங்கு மூக்குக்குப் போய்ச் சேர்கிறது. இதே கரோட்டினாய்டு வழியில் பிறக்கும் பீட்டா டமாசினோன் என்ற பொருள், ரோஜா எண்ணெயில் ஒரு சதவீதம்கூடத் தேறாது. ஆனால் அந்த எண்ணெயை ரோஜா எண்ணெய் என்று மூக்கு அடையாளம் காண்பதில் அதன் பங்குதான் மிகப் பெரியது.

ரோஜா மணத்தில் கலந்திருக்கும் பொருள்கள் முந்நூறுக்கும் மேல். அவற்றில் முக்கியமானது ஜெரானியால். மற்ற பல செடிகள் அதைத் தயாரிக்கும் வழி முன்பே தெரியும். ரோஜாவும் அப்படித்தான் செய்யும் என்று நெடுநாள் எண்ணியிருந்தார்கள். 2015-ல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் மணம் மிகுந்த ‘பாபா மெய்யான்’ ரோஜாவையும் மணம் குன்றிய ‘ரூஜ் மெய்யான்’ ரோஜாவையும் ஒப்பிட்டார்கள். ரோஜா வேறு வழியில் போவது அப்போதுதான் தெரிந்தது. அது பயன்படுத்தும் நொதி நூடிக்ஸ் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. செல்லுக்குள் வேண்டாத மூலக்கூறுகளைத் துப்புரவு செய்வதுதான் அந்தக் குடும்பத்தின் பெயர்பெற்ற தொழில். துப்புரவு வேலைக்கு வந்ததை வாசனை தயாரிக்க அமர்த்திக்கொண்டிருக்கிறது ரோஜா. மணமில்லாத வகையில் அந்த மரபணு பெரும்பாலும் சும்மா கிடந்தது. ஓசூரிலிருந்து பூச்செண்டுக்காக வரும் நீண்ட காம்பு ரோஜாவை முகர்ந்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர். அந்த வகைகளெல்லாம் ஜாடியில் எத்தனை நாள் வாடாமல் நிற்கும் என்று பார்த்து உருவாக்கப்பட்டவை. வாசனையை யாரும் கேட்கவில்லை.

வீட்டுத் தோட்டத்துக்கு நாம் கேட்பது வேறு. மணக்க வேண்டும், ஆண்டு முழுக்கப் பூக்க வேண்டும், வாரம் தவறாமல் மருந்து அடிக்கச் சொல்லக் கூடாது. மூன்றும் ஒரே செடியில் கிடைக்குமா? கிடைக்கும். எனக்குத் தெரிந்து நல்ல எடுத்துக்காட்டு ‘டுஷே’. பிரான்ஸின் லியோன் நகரில் ரோஜாப் பண்ணை வைத்திருந்த டுஷே 1869-ல் வெளியிட்ட வகை இது. சீன ரோஜா இனம். மூன்று நான்கு அடி உயரப் புதர். துளிர் செம்பழுப்பாக வரும். மொட்டு பாலாடை நிறம், பூ தந்த வெள்ளை. பழ வாடை லேசாகக் கலந்த மென்மையான மணம்.

அது ஓயாமல் பூப்பதற்குக் காரணம் ஒரு விபத்து. காட்டு ரோஜாக்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒரு பருவம்தான் பூக்கும். கே.எஸ்.என். என்ற மரபணு பூப்பதை அடக்கி வைக்கிறது. சீன ரோஜாவில் எப்போதோ, தன்னைத் தானே நகலெடுத்து இடம் மாறும் டி.என்.ஏ. துண்டு ஒன்று இந்த மரபணுவின் நடுவில் வந்து செருகிக்கொண்டது. அடக்கும் கை செயலிழந்தது. செடி பூத்துக்கொண்டே இருந்தது. சீனத் தோட்டக்காரர்கள் அந்தச் செடியைப் போற்றி வளர்த்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் அது கப்பலேறி ஐரோப்பா போனது. இன்று உலகில் தொடர்ந்து பூக்கும் ரோஜாக்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அந்தப் பழுதான மரபணுதான் ஓடுகிறது.

சீன ரோஜாவுடன் கலந்த இன்னொரு காட்டுச் செடி நம் நாட்டுக்கும் உரியது. ரோசா ஜைஜான்டியா: மணிப்பூர், வட மியான்மர், சீனத்தின் யுன்னான் மலைகளில் மரங்களைப் பற்றி ஏறும் ராட்சதக் கொடி. ஜார்ஜ் வாட் 1882-ல் மணிப்பூரில் இதைச் சேகரித்தார். பூவுக்கு ஐந்தே இதழ்கள், அதே பாலாடை நிறம். ஆனால் உள்ளங்கை அகலம். தேயிலை ரோஜாக்கள் என்று அழைக்கப்படும் குடும்பமே இதன் வழி வந்ததுதான். அவற்றின் மணத்துக்குக் காரணமான டைமீத்தாக்ஸிடாலுயீன் பழைய ஐரோப்பிய ரோஜாக்களில் கிடையாது. அதைத் தயாரிக்கும் நொதி சீனத்து ரோஜாக்களுக்கே உரியது. வெயில் நாடுகளில் இந்த வம்சம் சிரமமின்றி வளரும்.

டுஷே குடும்பத்தின் கதையில் ஒரு முரண் இருக்கிறது. டுஷேயின் மகளை மணந்த ஜோசப் பெர்னே, மாமனார் பெயரையும் சேர்த்துக்கொண்டு பெர்னே-டுஷே ஆனார். தோட்ட ரோஜாவுக்குப் பளிச்சென்ற மஞ்சளைக் கொண்டுவர வேண்டும் என்பது அவர் ஆசை. மேற்காசியாவின் மஞ்சள் ரோஜாவைப் பல ஆண்டுகள் கலப்பு செய்து, 1900-ல் ‘சொலெய் தோர்’ வகையை வெளியிட்டார். இன்றைய மஞ்சள், ஆரஞ்சு ரோஜாக்கள் பெரும்பாலும் அதன் வாரிசுகள். நிறத்தோடு ஒரு பலவீனமும் கூடவே வந்தது. அந்த மஞ்சள் ரோஜாவுக்குக் கரும்புள்ளி நோயைத் தாங்கும் சக்தி மிகக் குறைவு. மாமனார் மருந்து கேட்காத வெள்ளையைத் தந்தார். மருமகன் தந்த மஞ்சளைத் தொடர்ந்து மருந்துக் கடைக்கும் வேலை வந்தது. மருமகனைக் குறை சொல்ல மனமில்லை. அந்த நிறத்துக்கு உலகமே மயங்கியது.

கரும்புள்ளி நோய் ஒரு பூஞ்சையின் வேலை. இலையில் கருநிற வட்டங்கள் தோன்றும், சுற்றிலும் மஞ்சளாகும், இலை உதிரும். அந்தப் பூஞ்சையின் வித்து முளைத்து இலைக்குள் நுழைய, இலை ஏழு மணி நேரமாவது தொடர்ந்து ஈரமாக இருக்க வேண்டும். மாலையில் குழாயைப் பிடித்துச் செடியின் தலையோடு நீர் ஊற்றுகிறவர், தெரியாமலே அந்தப் பூஞ்சையை இரவு முழுக்க உபசரிக்கிறார். காலையில், வேருக்கு மட்டும் ஊற்றினாலே பாதித் தொல்லை தீரும். மீதிப் பாதி செடியின் பிறப்பைப் பொறுத்தது.

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் அமெரிக்காவின் டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தார். பூச்சிமருந்து, பூஞ்சைக்கொல்லி, செயற்கை உரம் ஏதும் தராமல், மண்ணைப் பண்படுத்தி மூடாக்கு மட்டும் போட்டு ரோஜாக்களை வெயிலில் விட்டார்கள். தேறிய வகைகளுக்கு ‘எர்த்-கைண்ட்’ என்ற முத்திரை தந்தார்கள். அந்தப் பட்டியலில் டுஷேவும் இருக்கிறது. நூற்றைம்பது வயதான செடி!

வளர்ப்பதற்குப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். நாளுக்கு ஆறு மணி நேர வெயில், நீர் தேங்காத மண், குழியில் மக்கிய தொழுவுரம். செடியின் அடியில் காய்ந்த இலைகளை மூன்று நான்கு அங்குலத்துக்கு மூடாக்காகப் போட்டால் மண் சூடேறாது. கீழே விழுந்த பூஞ்சை வித்து மழைத்துளியோடு தெறித்து இலைக்கு ஏறுவதும் குறையும். கவாத்து செய்யும்போதுதான் பலர் கத்தியை அதிகம் ஓட்டிவிடுகிறார்கள். கலப்பின ரோஜாவை முழங்கால் உயரத்துக்கு வெட்டுவது போல இவற்றை வெட்டக் கூடாது. தேயிலை, சீன ரோஜாக்கள் சேமிப்பைத் தண்டில் வைத்திருப்பவை. காய்ந்த கிளையையும் வாடிய பூவையும் நீக்கினால் போதும். துளிரில் அசுவினி மொய்த்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், பிறகு பொறிவண்டு பார்த்துக்கொள்ளும்.

ஒட்டுச்செடியைவிடச் சொந்த வேரில் நிற்கும் செடி நல்லது. ஒட்டுக்குக் கீழே காட்டு வேரிலிருந்து துளிர் கிளம்பினால் அது மேலே உள்ளதை விழுங்கிவிடும். ‘ரோஜா காட்டு ரோஜாவாக மாறிவிட்டது’ என்று பலர் சொல்வது இதைத்தான். பூத்து முடிந்த கிளையில் பென்சில் பருமன் குச்சியை நறுக்கி, நிழலில் ஈர மணலில் ஊன்றினால் இந்த வகைகள் எளிதில் வேர் பிடிக்கும். சொந்த வேர் என்பதால், மேலே காய்ந்துபோனாலும் அடியிலிருந்து அதே ரோஜாவே வரும்.

நம் வெயிலுக்கு ஏற்ற ரோஜாவை நம் காட்டுச் செடிகளிலிருந்தே எடுக்கும் முயற்சி கொடைக்கானலில் நடந்திருக்கிறது. முன்னாள் ஐ.ஏ.எஸ். அதிகாரி வீரராகவனும் அவர் மனைவி கிரிஜாவும் மணிப்பூர் ராட்சதக் கொடியையும், கங்கைச் சமவெளியின் ஈர நிலங்களில் வளரும் ரோசா கிளைனோபில்லாவையும் கலப்புக்குப் பயன்படுத்திப் புதிய வகைகளை உருவாக்கியவர்கள். அவர்கள் உருவாக்கிய மஞ்சள் ரோஜா ஒன்றுக்குத் தாவரவியல் அறிஞர் இ.கே.ஜானகி அம்மாளின் பெயர் வைத்திருக்கிறார்கள்.

டுஷேதான் வேண்டும் என்று அடம்பிடிக்கத் தேவையில்லை. பழைய தேயிலை, சீன இனங்களில் வெளிர்நிறமுள்ளது எது கிடைத்தாலும் பாருங்கள். நர்சரிக்குப் போனால் பூவைப் பார்த்து வாங்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்த டிசம்பர் கடைசியில் போய், மருந்து அடிக்காத செடியாகக் கேட்டு, குனிந்து அடி இலைகளைப் பாருங்கள். அந்த மழைக்குப் பிறகும் அவை புள்ளியில்லாமல் பச்சையாக இருந்தால் அந்தச் செடியை வாங்கலாம்.