உங்களுக்குத் தெரியுமா? பிஎச்.டி. வகுப்பறைத் துணுக்குகள்

நம் ஊரில் ஒருவர் பிஎச்.டி. செய்கிறார் என்றால், "கைடு யாரு? தலைப்பு என்ன?" என்றுதான் முதலில் கேட்போம். அமெரிக்காவில் பொருளாதாரமோ, நிதியோ, கணக்கியலோ, ஆபரேஷன்ஸ் ரிசர்ச்சோ படிக்கப் புதிதாகச் சேர்ந்தவரிடம் இதைக் கேட்டால் விழிப்பார். அவருக்குப் பெரும்பாலும் இன்னும் கைடும் இல்லை, தலைப்பும் இல்லை. முதல் ஓரிரு ஆண்டுகள் பள்ளிக்கூடம்தான்: வகுப்பு, வீட்டுப்பாடம், பரீட்சை. இதற்குத்தான் 'கோர்ஸ் ஒர்க்' என்று பெயர். அதன் முடிவில் ஒரு தகுதித் தேர்வு. தவறினால் வழக்கமாக இன்னொரு வாய்ப்புத் தருவார்கள். அதிலும் தவறினால், முதுகலைச் சான்றிதழோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இந்த முறை துணுக்குகள் எல்லாம் அந்த வகுப்பறையிலிருந்தும் அதன் வாசலிலிருந்தும்.

★

1939. பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். பேராசிரியர் யெர்சி நெய்மனின் புள்ளியியல் வகுப்புக்கு ஜார்ஜ் டான்ட்ஸிக் என்ற ஆய்வு மாணவர் தாமதமாக வருகிறார். கரும்பலகையில் இரண்டு கணக்குகள். வீட்டுப்பாடம் என்று நினைத்துக் குறித்துக்கொண்டு போனார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கடினம் என்று மட்டும் தோன்றியது. சில நாள் கழித்துப் போய், தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு விடைகளைக் கொடுத்தார். மேஜைமேல் போட்டுவிட்டுப் போகச் சொன்னார் நெய்மன். மேஜையில் ஏற்கெனவே காகிதக் குவியல். தன் தாள் இனித் திரும்பி வராது என்றே டான்ட்ஸிக் நினைத்தார்.

ஆறு வாரம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வீட்டுக் கதவை யாரோ போட்டு இடிக்கிறார்கள். திறந்தால் நெய்மன், கையில் அதே தாள்கள். கரும்பலகையில் இருந்தவை வீட்டுப்பாடம் அல்ல. புள்ளியியலில் அதுவரை யாரும் நிறுவாத இரண்டு தேற்றங்கள்! ஓராண்டு கழித்து ஆய்வேட்டுக்கு என்ன தலைப்பு என்று மாணவர் கவலைப்பட்டபோது, அந்த இரண்டு விடைகளையும் ஓர் உறையில் போட்டுக் கொடு, போதும் என்று சொல்லிவிட்டார் குரு. இந்தக் கதை பின்னாளில் தேவாலயப் பிரசங்கம்வரை போய்விட்டது. கட்டுப்பாடுகளுக்குள் மிகச் சிறந்த விடையைத் தேடும் 'சிம்ப்ளெக்ஸ்' முறையை 1947இல் கண்டுபிடித்தவர் இதே டான்ட்ஸிக்தான். இன்று எம்.பி.ஏ. மாணவர்கள் கட்டம் போட்டுக் கணக்குப் போட்டுத் திணறுவதற்கும் அவரே காரணம்.

★

அந்தச் சிம்ப்ளெக்ஸ் முறைக்கு வந்த முதல் பெரிய சோதனை ஒரு சாப்பாட்டுக் கணக்கு. ஒரு மனிதனுக்குத் தேவையான 9 வகைச் சத்துகளும் கிடைக்க வேண்டும். 77 உணவுப் பொருள்களிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். செலவு மிகக் குறைவாக இருக்க வேண்டும். ஜார்ஜ் ஸ்டிக்லர் என்ற பொருளாதார அறிஞர் 1945இல் ஓரளவு உத்தேசமாகப் போட்ட விடை, 1939ஆம் ஆண்டு விலையில் வருடத்துக்கு 39.93 டாலர். 1947இல் ஒன்பது எழுத்தர்கள் கையால் இயக்கும் கணக்கிடும் இயந்திரங்களை வைத்துக்கொண்டு சரியான விடையைத் தேடினார்கள். மொத்த உழைப்பு 120 ஆள்நாள். விடை: 39.69 டாலர். மிச்சம் பிடித்தது 24 சென்ட்.

பிறகு டான்ட்ஸிக் உடல் எடையைக் குறைக்க இதே கணக்கைத் தனக்கே கணினியில் போட்டுப் பார்த்தார். சிபாரிசுப் பட்டியலில் 500 காலன் வினிகர் வந்தது! வினிகரை நீக்கிவிட்டு மறுபடி போட்டால், தினம் 200 சூப் கட்டிகளைக் கரைத்துக் குடிக்கச் சொன்னது. கடைசியில் அவர் மனைவி தானே ஒரு பட்டியல் போட்டுச் சாப்பாடு போட்டார். எடை 22 பவுண்டு குறைந்தது.

★

ரேஷன் கடையில் ஒரு மணி நேரத்துக்கு 30 பேர் வருகிறார்கள். ஒவ்வொருவரும் சராசரியாக 20 நிமிடம் நிற்கிறார்கள் என்று வையுங்கள். எந்த நேரத்தில் எட்டிப் பார்த்தாலும் வரிசையில் சராசரியாக எத்தனை பேர் இருப்பார்கள்? பத்துப் பேர். மணிக்கு வருவோர் எண்ணிக்கையை நிற்கும் நேரத்தால் (20 நிமிடம் என்பது மூன்றில் ஒரு மணி) பெருக்கினால் போதும். கேட்டால் 'இதில் என்ன இருக்கிறது' என்றுதான் தோன்றும். ஆனால் எந்த வகை வரிசைக்கும் இது பொருந்தும் என்று முறைப்படி நிறுவப்பட்டது 1961இல்தான். நிறுவியவர் ஜான் லிட்டில். எம்.ஐ.டி.யில் 1955இல் ஆபரேஷன்ஸ் ரிசர்ச்சில் முனைவர் பட்டம் பெற்றவர். அந்தத் துறையின் முதல் முனைவர் என்றே அவரைச் சொல்கிறார்கள்.

★

சிகாகோ பல்கலைக்கழகம், 1932. விலைக் கோட்பாடு நடத்திய ஜேக்கப் வைனர் மாணவர்களை ஆங்கில அகரவரிசைப்படி உட்கார வைத்தார். 'டி'யில் தொடங்கும் ரோஸ் டைரக்டருக்குப் பக்கத்து இடம் 'எஃப்'பில் தொடங்கும் மில்டன் ஃப்ரீட்மனுக்கு. நடுவில் 'இ' எழுத்துக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ! ஆறு ஆண்டுகள் கழித்து, 1938இல் இருவருக்கும் திருமணம். ரோஸ் கோர்ஸ் ஒர்க் எல்லாம் முடித்தும் ஆய்வேட்டை மட்டும் முடிக்கவில்லை. ஃப்ரீட்மனின் புகழ்பெற்ற நூல்கள் சிலவற்றில் இணையாசிரியராக இருப்பவர் அவர்தான்.

★

கோர்ஸ் ஒர்க் என்றாலே அலுத்துக்கொள்கிறவர்கள் அம்பேத்கரின் பட்டியலைப் பார்க்க வேண்டும். பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர், அங்கே பொருளாதாரத்தில் மட்டும் 29 பாடங்கள் எடுத்தார். வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3. பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளில் தொடக்கப் பாடம் ஒவ்வொன்று. கூட்டினால் 60.

அங்கிருந்து 1916இல் லண்டன் போய்விட்டார். கொலம்பியாவின் பட்டம் கைக்கு வந்தது 1927இல்! ஆய்வேட்டை அச்சுப் புத்தகமாகக் கொடுத்தால்தான் பட்டம் என்பது அந்தக் காலத்துக் கொலம்பியாவின் விதி. ஆங்கிலேய இந்தியாவின் மாகாண நிதி பற்றிய அவருடைய ஆய்வு 1925இல்தான் புத்தகமானது. நடுவில் 1923இல் லண்டனில் ரூபாயின் பிரச்சினை பற்றி எழுதி இன்னொரு டாக்டர் பட்டமே வாங்கிவிட்டார்.

அதே கொலம்பியாவில், அதே விதியில் பிறகு மாட்டியவர் நம்முடைய பக்கத்து இருக்கைக்காரர் ஃப்ரீட்மன். மருத்துவர்களின் உரிமக் கட்டுப்பாடு அவர்கள் வருமானத்தை உயர்த்துகிறது என்று அவர் ஆய்வு சொன்னது. வெளியிட வேண்டிய நிறுவனத்துக்குள்ளேயே எதிர்ப்பு. புத்தகம் 1945இல் வந்தது, பட்டம் 1946இல்.

கொலம்பியாவில் அம்பேத்கருக்கு ஆசிரியராக இருந்த பொது நிதி அறிஞர் எட்வின் செலிக்மனிடம் இன்னொருவரும் படித்தார்: தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. லண்டனில் கணக்காயர் படிப்பு, பம்பாயில் தணிக்கைத் தொழில், அதன்பிறகு அமெரிக்கா. முதுகலைக்காக அவர் எழுதியது இந்தியாவின் பொது நிதியும் வறுமையும் பற்றி. 1929இல் ஊர் திரும்பி அதைக் காந்தியிடம் காட்டினார். 'யங் இந்தியா'வில் தொடராக வந்தது. கோட்டு சூட்டுக் கணக்காயர் கதருக்கு மாறியது அதற்குப் பின்புதான்.

★

ஃப்ரீட்மன் பிறகு மேஜைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். சிகாகோவில் ஹாரி மார்கோவிட்ஸ் என்ற மாணவரின் வைவா. பங்குகளை ஒவ்வொன்றாகப் பார்க்காமல், எதோடு எதைச் சேர்த்து வைத்தால் ஆபத்து குறையும் என்று கணக்குப் போட்டிருந்தார் மாணவர். கணக்கில் தப்பில்லை என்று ஒப்புக்கொண்ட ஃப்ரீட்மன், இது பொருளாதாரமே இல்லை, கணிதமும் இல்லை, வணிக நிர்வாகம்கூட இல்லை, எப்படிப் பொருளாதாரப் பட்டம் தருவது என்று பிடித்துக்கொண்டார். வெளியே நடைவழியில் சில நிமிடம் காத்திருப்பு. கைடு மார்ஷாக் வந்து, 'டாக்டர் மார்கோவிட்ஸ்' என்று அழைத்து வாழ்த்தியபோதுதான் மாணவருக்கு மூச்சு வந்தது. அந்த ஆய்வுக்காக 1990இல் அவருக்கு நோபல் பரிசு, அதுவும் பொருளாதாரத்துக்கு! பரிசு உரையில், அன்றைக்கு அது பொருளாதாரம் இல்லைதான், இன்றைக்கு ஆகிவிட்டது என்று பெருந்தன்மையாகச் சொல்லி முடித்துக்கொண்டார்.

சொந்தப் பணத்தை என்ன செய்தாராம்? பாதியைக் கடன் பத்திரத்தில், பாதியைப் பங்கில்.

★

பாரிஸில் 1900இல் லூயி பாஷ்லியே என்பவர் பங்குச் சந்தை விலைகளின் அலைச்சலைக் கணிதமாக்கி ஆய்வேடு கொடுத்தார். திரவத்தில் மிதக்கும் துகள்களின் அலைச்சலுக்கு ஐன்ஸ்டைன் கணக்குப் போட்டது அதற்கு ஐந்து ஆண்டுகள் பிந்தி. ஆனால் பாஷ்லியேவுக்குக் கிடைத்த தரம் இரண்டாவதுதான்; தலைப்பு வழக்கமான தலைப்புகளிலிருந்து விலகி இருக்கிறது என்று தன் மதிப்பீட்டு அறிக்கையில் குறித்தார் மேதை புவான்கரே. அரை நூற்றாண்டு கழித்துத்தான் அமெரிக்கர்கள் அந்த ஏட்டைத் தேடிப் பிடித்தார்கள்.

★

ஜான் நாஷின் ஆய்வேடு (பிரின்ஸ்டன், 1950) 28 பக்கம். துணை நூல் பட்டியலில் இரண்டே இரண்டு. அதில் ஒன்று அவருடையது.

★

இதற்கு நேர் எதிர், முதலாண்டு நுண்பொருளாதாரப் பாடநூல். மாஸ்-கொலெல், வின்ஸ்டன், கிரீன் மூவரும் எழுதி 1995இல் வந்த அது ஏறக்குறைய ஆயிரம் பக்கம். மாணவர்கள் அதைத் தலையணை என்று கேலி செய்யலாம். அந்தக் கனத்துக்கு அது பொருந்தும். ஆசிரியர்களில் முதல்வரான மாஸ்-கொலெல் பிறகு ஸ்பெயினின் கட்டலோனியாவுக்குப் பொருளாதார அமைச்சரானார். பாடநூலில் எழுதியபடி பட்ஜெட் போட முடிந்ததா என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

★

கணிதம் போதாது என்று லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பொருளாதாரத் துறை ஒரு பெண்ணைப் பிஎச்.டி.க்குச் சேர்க்க மறுத்தது. பெண் பிள்ளைக்கு எதற்கு என்று பள்ளியில் அவரைத் திரிகோணவியல் எடுக்கவிடாமல் தடுத்திருந்தார்கள். அவர் அரசியல் அறிவியல் துறையில் சேர்ந்து, நிலத்தடி நீரை மக்கள் எப்படிப் பங்கிட்டுக் காக்கிறார்கள் என்று ஆராய்ந்து 1965இல் பட்டம் பெற்றார். பெயர் எலினோர் ஆஸ்ட்ரம். 2009இல் பொருளாதார நோபல் வாங்கிய முதல் பெண்.

★

நிதித் துறை மாணவர்கள் எல்லோரும் படித்தே ஆகவேண்டிய 'பிளாக்–ஷோல்ஸ்' சூத்திரத்தின் ஃபிஷர் பிளாக், நிதியிலோ பொருளாதாரத்திலோ ஒரு பாடம்கூட எடுத்துப் படித்ததில்லை. அவர் பட்டம் பயன்முறைக் கணிதத்தில். அந்தச் சூத்திரத்தை முன்வைத்த கட்டுரையை முதலில் திருப்பி அனுப்பிய இதழேதான் 1973இல் அதை வெளியிட்டது.

★

கணக்கியலிலும் இந்தக் கதை உண்டு. ரே பால், ஃபிலிப் பிரவுன் என்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள், சிகாகோவில் படித்தவர்கள். நிறுவனங்கள் வெளியிடும் லாபக் கணக்கைச் சந்தை உண்மையிலேயே பொருட்படுத்துகிறதா என்று பங்கு விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பொருட்படுத்துகிறது, ஆனால் ஆண்டறிக்கை வெளிவரும்போது அதில் உள்ள செய்தியின் பெரும்பகுதி விலையில் ஏற்கெனவே ஏறிவிட்டிருந்தது. துறையின் முன்னணி இதழ் ஒன்று கட்டுரையை நிராகரித்தது. 1968இல் வேறோர் இதழில் வந்தது. கணக்கியல் பிஎச்.டி. பாடத்திட்டத்தில் இன்று அதைப் படிக்காமல் தப்ப முடியாது.

★

பொருளியல் அளவையியல் வகுப்பில் 'கருவி மாறி' என்று ஒரு முறை வரும். காரணம் எது, விளைவு எது என்று பிரிக்க உதவுவது. அது முதன்முதலில் தலைகாட்டியது 1928இல், எண்ணெய்களுக்கும் கொழுப்புகளுக்கும் விதித்த இறக்குமதி வரி பற்றிய ஒரு புத்தகத்தின் பின்னிணைப்பில்! புத்தகம் ஃபிலிப் ரைட் எழுதியது. பின்னிணைப்பை எழுதியது அவரா, மரபியல் அறிஞரான அவர் மகன் சூவல் ரைட்டா என்று நீண்ட காலச் சந்தேகம். 2003இல் இரண்டு பொருளாதார அறிஞர்கள் இருவர் எழுத்து நடையையும் சொல் சொல்லாக எண்ணிப் பார்த்து, அப்பாதான் என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

★

அமர்த்தியா சென் கேம்பிரிட்ஜில் ஓராண்டிலேயே ஆய்வை முடித்துவிட்டார். ஆனால் விதிப்படி மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். சும்மா இருப்பானேன் என்று கல்கத்தா வந்தவரை ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரத் துறைக்கே தலைவராக்கினார்கள். அப்போது அவருக்கு 23 வயதுகூட நிறையவில்லை.

★

நம் நாட்டில் பிஎச்.டி.க்குக் கோர்ஸ் ஒர்க் கட்டாயமானது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிமுறைகளால். 2022 விதிமுறைகளின்படி குறைந்தது 12 கிரெடிட். ஆய்வு நெறிமுறை பற்றிய பாடமும் அதில் அடக்கம். 55 விழுக்காடு எடுத்தால்தான் ஆய்வைத் தொடரலாம். 'வகுப்புக்குப் போகாமலே பிஎச்.டி.' என்று யாராவது விளம்பரம் செய்தால், அவர்களிடம் இந்த விதியைக் காட்டிக் கேளுங்கள்.

★

கடைசியாக ஒரு காசோலை. ராபர்ட் சோலோ 1951இல் ஹார்வர்டில் ஆய்வேடு முடித்தார். அதற்கு வெல்ஸ் பரிசு கிடைத்தது: 500 டாலர், கூடவே புத்தகமாக அச்சிடும் வாய்ப்பு. ஆய்வேட்டை மறுபடி படித்தவருக்கு, இன்னும் நன்றாகச் செய்யலாமே என்று பட்டது. திருத்தத் தொடங்கவே இல்லை. புத்தகமும் வரவில்லை. 1987இல் நோபல் வாங்கி, 2023இல் 99ஆம் வயதில் மறைந்த அவர், அந்தக் காசோலையை வங்கியில் போடவே இல்லை.