தூக்கத்துக்கு ஒரு குவார்ட்டர்: கணக்கு எங்கே இடிக்கிறது?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் டேனரியிலோ ஷூ கம்பெனியிலோ வேலை செய்கிற ஒருவரிடம் ஏன் குடிக்கிறீங்கன்னு கேட்டுப் பாருங்கள். "உடம்பு வலி சார், படுத்தா தூக்கம் வரணுமே" என்பார். இது வெறும் சாக்கு இல்லை, பாதி உண்மை. மீதிப் பாதியைப் பார்ப்போம்.

குவார்ட்டர் என்பது 180 மில்லி. பிராந்தி, விஸ்கியில் 42.8 சதவீதம் ஆல்கஹால். எடையாகப் போட்டால் சுமார் 60 கிராம். கல்லீரல் மணிக்கு ஏழெட்டு கிராம்தான் எரிக்கும். ராத்திரி 10 மணிக்குக் குடித்தால், காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போதும் ரத்தத்தில் மிச்சம் இருக்கலாம். அப்படியே போய் தோலில் ஒட்டிய சதையைச் சீவும் மெஷின் முன்னால் நிற்கிறார்.

சரி, தூக்கமாவது கிடைத்ததா? மூளையை அமைதிப்படுத்தும் 'காபா' ரசாயனத்தின் வேலையை ஆல்கஹால் கூட்டுகிறது. கண் சீக்கிரம் சொக்கும். போதை இறங்க இறங்க மூளை எதிர்ப்பக்கம் துள்ளும்: 3 மணிக்கு விழிப்பு, வியர்வை, படபடப்பு. தினமும் குடித்தால் மூளை பழகிவிடும். அப்புறம் அதே தூக்கத்துக்கு குவார்ட்டர் பத்தாது, ஆஃப் கேட்கும்.

நிறுத்தினால் என்ன ஆகும்? முதல் சில நாள் தூக்கமே வராது. சிலருக்கு மாதக்கணக்கில் சரியாகாது. "பாத்தியா, குடிச்சாத்தான் தூக்கம்" என்று தோன்றும் இடம் இதுதான். உண்மையில் அது குடி விட்டுப்போன காயம். தூக்கம் தேறாதவர்கள் மறுபடி குடிக்கும் வாய்ப்பு அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. நாமோ மனசுல உறுதி இல்லைன்னு திட்டுகிறோம்.

வேலூர் பாகாயத்தில் 1957-ல் தொடங்கிய சி.எம்.சி. மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தினரும் தங்குவது வழக்கம். இந்தச் சிக்கலுக்கு அது ரொம்பப் பொருத்தம். ராத்திரி 3 மணிக்கு நடப்பது வீட்டாருக்குத்தானே தெரியும்!

இரண்டு எச்சரிக்கை. நெடுநாள் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம்; டாக்டர் துணையோடுதான் நிறுத்த வேண்டும். அல்பிரசோலம் மாதிரி தூக்க மாத்திரையைத் தானாக வாங்கிப் போடவும் கூடாது. அதுவும் காபா வழியாகவே வேலை செய்யும். குடியோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம்.

தினமும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வந்தால் மட்டும் படுப்பது என்று மாத்திரை இல்லாத பயிற்சிகள் இருக்கின்றன. எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் டெலி மானஸ் எண் 14416, கட்டணம் இல்லை. டாக்டரிடம் போனால் எவ்வளவு குடிக்கிறார் என்பதோடு, எப்படித் தூங்குகிறார் என்பதையும் சொல்லுங்கள்.