மாலையில் விரியும் மஞ்சள் பூ

நண்பகல் வெயிலில் புதுச்சேரியின் காலிமனை ஒன்றைக் கடந்து செல்கிறீர்கள். இடுப்பளவும் அதற்கு மேலும் வளர்ந்த சாம்பல் பச்சைச் செடிகள் நிற்கின்றன. மொட்டுகள்தான் இருக்கின்றன, விரிந்த பூ ஒன்றும் இல்லை. பள்ளி விட்டுத் திரும்பும்போது மீண்டும் பாருங்கள். கிளைக்குக் கிளை மஞ்சள் பூக்கள்! இது என்ன செடி?

மாலையில் பூப்பதால் அந்திமந்தாரை என்று சிலர் சொல்லக்கூடும். அதிலும் மஞ்சள் நிறம் உண்டு. ஆனால் அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த தோட்டச் செடி. பூ நீண்ட குழல் போலிருக்கும். நம் செடியின் பூவில் ஐந்து இதழ்கள் இருக்கின்றன. நடுவே மகரந்தத் தாள்கள் அடியில் ஒன்றாக இணைந்து குழாயாக நிற்கின்றன. செம்பருத்தியில் நீங்கள் படித்த 'ஒரு கற்றை' அமைப்புதான் இது. ஆகவே குடும்பம் மால்வேசி.

இனி பூவைத் திருப்பிப் பாருங்கள். செம்பருத்தியில் புல்லி வட்டத்துக்கு வெளியே புறப்புல்லி வட்டம் என்று இன்னொன்று உண்டு. இங்கே அது இல்லை. இலை இதய வடிவில், தொட்டால் வெல்வெட் போல மெத்தென்றிருக்கிறது. பூக்காம்பின் நுனிக்குச் சற்றுக் கீழே ஒரு கணு தெரிகிறது.

எல்லாவற்றிலும் உறுதியான சாட்சி காய்தான். பதினைந்து, இருபது பிளவுகள் சக்கரம் போல வட்டமாக அடுக்கப்பட்டிருக்கும், முற்றினால் கறுத்துவிடும். இந்த உருவத்தைக் கண்டுதான் இந்தியில் சீப்பு என்ற பொருளில் 'கங்கி' என்றும், தெலுங்கில் 'முத்ர பெண்ட' என்றும் பெயர் வைத்தார்கள். காயை மையில் தோய்த்துத் தாளில் அழுத்திப் பாருங்கள், முத்திரை என்ற பெயரின் பொருத்தம் புரியும்.

இதுதான் துத்தி. லின்னேயஸ் 1756இல் இதற்கு 'சைடா இண்டிகா' என்று பெயரிட்டார். 1826இல் ஸ்வீட் என்பவர் இதை 'அபுட்டிலான்' பேரினத்துக்கு மாற்றினார். இன்று இதன் பெயர் அபுட்டிலான் இண்டிகம். (புதுச்சேரித் தாவரவியல் பூங்கா தொடங்கியதும் அதே 1826இல்தான்!)

லத்தீன் பெயர் எதற்கு என்று கேட்பீர்கள். ஒட்டுத்துத்தி என்றும் ஒரு செடி உண்டு. அதன் பூ இளஞ்சிவப்பு. காய் துணியில் ஒட்டிக்கொள்ளும். அது வேறு பேரினம். துத்தி இலையைக் கீரையாகவும் கைமருந்தாகவும் பறிப்பவர்கள் பலர். பெயரை மட்டும் நம்பிப் பறித்தால் வேறு இலை வீட்டுக்கு வந்துவிடும். அரிவாள்மனைப்பூண்டும் மஞ்சளாகத்தான் பூக்கும். ஆனால் அதன் பூ சிறியது, காலையில் விரிவது, காயில் பிளவுகளும் குறைவு.

புதுச்சேரியில் 1955இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் உலர்தாவரத் தொகுப்பு ஒன்று உள்ளது. இத்தகைய தொகுப்புகளில் செடியை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டிவைப்பார்கள். இலையின் வடிவமும் காயின் பிளவும் பல ஆண்டுகள் நிலைக்கும். ஆனால் பூ எத்தனை மணிக்கு விரிந்தது என்பதை உலர்ந்த செடி சொல்லாது. பறித்தவர் குறிப்பில் எழுதியிருந்தால்தான் உண்டு.

எனவே ஒரு குறிப்பேடு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே செடியில் ஐந்து மொட்டுகளுக்கு நூல் கட்டி, பிற்பகல் இரண்டு மணியிலிருந்து அரைமணிக்கு ஒருமுறை பாருங்கள். விரிந்த நேரத்தையும், பூவைத் தேடி வந்த பூச்சியையும் எழுதுங்கள். மேகம் மூடிய நாளிலும் இதையே செய்து, இரண்டு நாட்களின் நேரங்களையும் ஒப்பிடுங்கள். அடுத்த மனையில் வீடு எழும்புவதற்குள் தொடங்கிவிடுவது நல்லது.