ஒரு கரண்டி சாம்பார் போதும், ஒரு பை பேப்பர் வீண்! வீட்டுக் குப்பையைப் பிரிச்சா நம்ம ஏரியாவுக்கு என்ன லாபம்?

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆர்டர் பண்ண பிரியாணி காலி. டப்பா, ஸ்பூன், தயிர்ப்பச்சடி கப், எலும்பு, டிஷ்யூ, பில் எல்லாத்தையும் வந்த கவருக்குள்ளேயே திணிச்சு, மேல ஒரு முடிச்சு. தூக்கித் தொட்டியில போட்டா வேலை முடிஞ்சது.

நமக்கு முடிஞ்சது. அந்த முடிச்சை வெறுங்கையால் அவிழ்க்கப்போற ஒருத்தருக்கு வேலை அப்போதான் ஆரம்பிக்குது.

'மறுசுழற்சி'ன்னு சொன்னதும் நம்ம மனசுல வர்றது பெரிய மெஷின், பெரிய ஃபேக்டரி. ஆனால், ஒரு பொருள் மறுசுழற்சிக்குப் போகுமா, குப்பை மலையில் போய்ச் சேருமா என்பது பெரும்பாலும் நம்ம சமையலறையில், அஞ்சு விநாடியில் முடிவாகிடுது. எப்படின்னு பார்க்கலாம் வாங்க.

கலந்தால்தான் குப்பை!

காய்ந்த அட்டைப் பெட்டிக்கு விலை உண்டு. காலி தண்ணீர் பாட்டிலுக்கும் விலை உண்டு. காய்கறித் தோல் செடிக்கு உரமாகும். மூன்றையும் ஒரே கவரில் போட்டு, மேலே மீதமான சாம்பாரையும் ஊற்றிவிட்டால்? மூன்றுமே குப்பை.

பேப்பரை மறுபடியும் கூழாக்கித்தான் புதுப் பேப்பர் செய்கிறார்கள். அதில் எண்ணெய் ஏறிவிட்டால் கூழ் கெட்டுப்போகும். நனைந்து ஊறிப்போன பேப்பரை எடைக்கடையிலும் வாங்க மாட்டார்கள். அதேபோல, உடைந்த கண்ணாடித் துண்டும் ஷாம்பு பாக்கெட்டும் கலந்த காய்கறிக் கழிவை எந்த விவசாயியும் உரமாக நிலத்தில் போட மாட்டார்.

இது நம்ம வீடுகளுக்குப் புது விஷயமும் இல்லை. 'ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்'னு தெருவில் குரல் கேட்ட காலத்திலேயே நாம மறுசுழற்சி பண்ணிட்டுதான் இருந்தோம். பரணில் அடுக்கிய பழைய பேப்பர், கழுவிச் சுவரில் ஒட்டவைத்த பால் கவர், ரசப்பொடி டப்பாவாக மாறிய ஹார்லிக்ஸ் பாட்டில்... இதெல்லாம் அம்மாக்களும் பாட்டிகளும் பேர் வைக்காமல் செய்த வேலைதான். இப்போ வீட்டுக்குள் வரும் பொருளின் எண்ணிக்கை பல மடங்கு கூடிருச்சு. பிரித்து வைக்கும் பழக்கம் மட்டும் குறைஞ்சிருச்சு.

காயலான் கடைக்குப் பிறகு என்ன ஆகுது?

நம்ம தெருவுக்கு வரும் பழைய பேப்பர்க்காரர் வாங்குவதைக் காயலான் கடையில் கொடுப்பார். அங்கே ரகம் ரகமாகப் பிரிப்பார்கள். அது பெரிய குடோனுக்குப் போய், அங்கிருந்து ஆலைக்குப் போகும். ஒவ்வொரு கட்டத்திலும் சில குடும்பங்களுக்கு அன்றைய வருமானம் இருக்கு. நாம சுத்தமாகப் பிரித்துக் கொடுத்தால் அந்தச் சங்கிலியில் இருக்கும் எல்லோருக்கும் விலை கூடும்.

பிளாஸ்டிக் பாட்டிலின் அடியைத் திருப்பிப் பாருங்க. மூன்று அம்புக்குறிகளுக்குள் ஒரு எண் இருக்கும். 1 என்றால் பெட், அதாவது தண்ணீர், கூல்டிரிங்க்ஸ் பாட்டில். 2 என்றால் ஷாம்பு, டிடெர்ஜென்ட் பாட்டில் மாதிரியான கெட்டி பிளாஸ்டிக். 5 என்பது பெரும்பாலான ஹோட்டல் பார்சல் டப்பா. இந்த மூன்றுக்கும் நல்ல சந்தை இருக்கு. பால் கவர் 4-வது ரகம். கழுவிக் காயவைத்துச் சேர்த்தால் அதையும் வாங்குவார்கள்.

பெட் பாட்டிலைத் துண்டு துண்டாக நறுக்கி, உருக்கி, நூலாக இழுத்தால் பாலியஸ்டர் துணி ரெடி. 2023 பிப்ரவரியில் பிரதமர் மோடி நாடாளுமன்றத்துக்கு ஒரு நீல நிற ஜாக்கெட் போட்டுட்டு வந்தாரே, ஞாபகம் இருக்கா? அது பெட் பாட்டிலிலிருந்து வந்த துணி. தயாரானது நம்ம கரூரில்!

அலுமினியக் கதை இன்னும் சுவாரஸ்யம். தாதுவிலிருந்து புதிதாக அலுமினியம் எடுக்க ஆகும் மின்சாரத்தில் சுமார் 95 சதவிகிதம், பழைய அலுமினியத்தை உருக்கும்போது மிச்சமாகும். கண்ணாடியைத் திரும்பத் திரும்ப உருக்கலாம், தரம் குறையாது. பேப்பர் அப்படியில்லை. ஒவ்வொரு முறையும் அதன் நார் குட்டையாகிக்கிட்டே போகும். பிளாஸ்டிக்கும் உருக்க உருக்கத் தரம் இறங்கும். அதனால், மறுசுழற்சி இருக்கேன்னு இஷ்டத்துக்கு வாங்கிக் குவிக்கவும் முடியாது. முதலில் குறைவாக வாங்குறது, அடுத்து திரும்பப் பயன்படுத்துறது, அதுக்கு அப்புறம்தான் மறுசுழற்சி.

சரி, ஏரியாவுக்கு என்ன லாபம்?

முதல் லாபம், தூய்மைப் பணியாளர்களின் கைகளுக்கு. காலையில் விசில் ஊதிக்கிட்டு பேட்டரி வண்டியில் வரும் அக்கா, நாம் கட்டிக்கொடுத்த முடிச்சைப் பிரித்துத்தான் தரம் பிரிக்க வேண்டியிருக்கு. உள்ளே உடைந்த டியூப்லைட், பிளேடு, சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொள்ளும் இன்சுலின் ஊசி, சுற்றாமல் வீசிய நாப்கின் எது வேண்டுமானாலும் இருக்கலாம். ஒரு ஊசி குத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமி வரைக்கும் தொற்றும் ஆபத்து இருக்கு. நமக்கு அது ஒரு நிமிஷ வேலை. அவங்களுக்கு அது உடம்பு.

இரண்டாவது, குப்பைமேட்டுப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு. சென்னையில் தினமும் சுமார் 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேருது. வடக்கே கொடுங்கையூர், தெற்கே பெருங்குடி என இரண்டு பெரிய கிடங்குகள்தான் பல பத்தாண்டுகளாக அதைச் சுமக்கின்றன. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கில் தீப்பிடித்து, நாள்கணக்கில் புகைந்தது. சுற்றுவட்டார மக்கள் ஜன்னலைக்கூடத் திறக்க முடியாமல் தவித்தார்கள். அந்தக் கிடங்கு ஒட்டியிருக்கும் பள்ளிக்கரணை சதுப்பு நிலம், அதே ஆண்டில்தான் ராம்சார் தலமாக உலக அங்கீகாரம் பெற்றது.

கிடங்கில் தீ ஏன் பிடிக்குது? நாம் போடும் சாப்பாட்டுக் கழிவு, குவியலுக்கு அடியில் காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் வாயு உண்டாகும். அது எளிதில் பற்றக்கூடியது. பக்கத்திலேயே பிளாஸ்டிக்கும் பேப்பரும் எரிபொருளாக இருந்தால் கேட்கவா வேணும்? ஈரக் கழிவு அங்கே போகாமல் இருந்தாலே மீத்தேன் பிரச்னையில் பெரும் பகுதி தீர்ந்தது.

பல ஆண்டுகளாகக் குவிந்த குப்பையைத் தோண்டி, சலித்து, பிரிக்கும் பயோமைனிங் வேலைக்கு நூற்றுக்கணக்கான கோடி ரூபாய் செலவாகுது. எல்லாம் நம்ம வரிப்பணம். வீட்டில் ஓசியில் முடியக்கூடிய வேலையைப் பல வருஷம் கழித்து காசு கொடுத்துச் செய்றோம். கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் திட்டம் வந்தபோது, 2025-ல் வட சென்னை மக்கள் மனிதச் சங்கிலி போராட்டமே நடத்தினார்கள். 'ஊரோட குப்பைக்கு நாங்கதான் கிடைச்சோமா' என்பதுதான் அந்த மக்களின் பல ஆண்டு ஆதங்கம். அண்ணா நகரிலும் அடையாறிலும் கட்டப்படும் முடிச்சுக்கும் கொடுங்கையூர்க் குழந்தையின் இருமலுக்கும் தொடர்பு இருக்கு.

மூன்றாவது, மழைக்காலத்தில் நம்ம தெருவுக்கே. ஒரு கேரி பேக் மழைநீர் வடிகாலின் வாயை அடைத்தால் போதும், கணுக்காலில் இருக்க வேண்டிய தண்ணீர் முழங்காலுக்கு ஏறும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான்காவது, சாலைக்கு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், கழிவு பிளாஸ்டிக்கைத் தார்ச்சாலைக்குப் பயன்படுத்தும் முறையைக் கண்டறிந்தார். நறுக்கிய பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியில் தூவினால், உருகி ஜல்லிமேல் மெல்லிய பூச்சாகப் படியும். அதோடு தாரைக் கலந்தால் பிடிப்பு கூடும், தண்ணீர் உள்ளே இறங்காது. 2002-லேயே சென்னை ஜம்புலிங்கம் தெருவில் இப்படிச் சாலை போட்டார்கள். 2018-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஆனால், இதுக்கும் தேவை சுத்தமான, காய்ந்த பிளாஸ்டிக். சாம்பார் ஒட்டிய கவரை வைத்து ரோடு போட முடியாது!

வீட்டுல எப்படிப் பிரிக்கணும்?

2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே குப்பையை மூன்றாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்லியிருந்தன. மூடியோடு ஒரு சின்ன பக்கெட், ஒரு சாக்குப் பை, ஒரு பழைய டப்பா. இவ்வளவுதான் முதலீடு.

பக்கெட் - ஈரக் கழிவு: காய்கறித் தோல், மிச்சச் சாப்பாடு, டீத்தூள், முட்டை ஓடு, வாடிய பூ. பிளாஸ்டிக் கவர் போடாமல், அடியில் ஒரு பேப்பரை விரித்துக்கொள்ளுங்கள்.

சாக்குப் பை - உலர் கழிவு: பேப்பர், அட்டை, பாட்டில், பால் கவர், டின், பார்சல் டப்பா. டப்பாவைச் சோப்பு போட்டுத் தேய்க்கணும்னு அவசியமில்லை. பாத்திரம் கழுவின தண்ணியில் ஒரு அலசு அலசிக் கவிழ்த்து வைத்தால் போதும். மாதத்துக்கு ஒருமுறை பேப்பர்க்காரரிடம் கொடுத்தால், டீ செலவுக்காவது காசு வரும்.

டப்பா - ஆபத்தான கழிவு: காலாவதியான மாத்திரை, பேட்டரி, பல்பு, பிளேடு. ஊசிகளைக் கெட்டியான பாட்டிலுக்குள் போட்டு இறுக மூடி, மேலே எழுதி ஒட்டுங்கள். நாப்கின், டயாப்பரைப் பேப்பரில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். உடைந்த கண்ணாடியை அட்டையில் சுற்றி 'கண்ணாடி' என எழுதிடுங்க. பழைய போன், பவர்பேங்கைக் குப்பை வண்டியில் போடவே கூடாது. நசுங்கினால் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும்.

இதெல்லாம் ஏமாத்தும்!

பீட்சா பெட்டியில் எண்ணெய் படாத மூடியைக் கிழித்து உலர் கழிவில் போடலாம், எண்ணெய் ஊறிய அடிப்பகுதி ஆகாது. பேப்பர் கப் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கு, அதனால் அது வெறும் பேப்பர் இல்லை. ஏ.டி.எம் சீட்டு, கடை பில் எல்லாம் ரசாயனம் பூசிய தெர்மல் பேப்பர், பழைய பேப்பரோடு சேர்க்காதீங்க. சிப்ஸ் பாக்கெட் பல அடுக்குகளால் ஆனது. அதைப் பிரிப்பது கஷ்டம் என்பதால் காயலான் கடையில் எடுக்க மாட்டார்கள். 'மக்கும்' என்று அச்சடித்த கவர்களில் பல, அதற்கென இருக்கும் ஆலையின் சூட்டில்தான் மக்கும். வீட்டுத் தொட்டியில் அப்படியே கிடக்கும்.

பால்கனியில் ஒரு தொட்டி

அடியிலும் பக்கவாட்டிலும் துளை போட்ட ஒரு மண்தொட்டி அல்லது பெயின்ட் வாளி எடுத்துக்கோங்க. அடியில் காய்ந்த இலை அல்லது தென்னை நார்க் கழிவு. அதுமேல் காய்கறிக் கழிவு, மறுபடியும் காய்ந்த இலை. தொடக்கத்தில் கொஞ்சம் புளித்த மோர் தெளித்தால் சீக்கிரம் மக்கும். வாரம் இரண்டு முறை கிளறி விடுங்க. நாத்தம் வந்தால் ஈரம் ஜாஸ்தின்னு அர்த்தம், ஒரு கை காய்ந்த இலை சேருங்க. மீன், கறி, எலும்பு வேண்டாம், எலி வரும். சுமார் இரண்டு மாதத்தில் மழைமண் வாசனையோடு உரம் ரெடி.

"எப்படியும் வண்டியில ஒண்ணாத்தானே கொட்டுறாங்க?"

எல்லாரும் கேட்கிற கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. சில இடங்களில் அப்படி நடக்கவும் செய்யுது. ஆனால், யோசிச்சுப் பாருங்க. உலர் கழிவைப் பேப்பர்க்காரரிடம் கொடுத்தால் அது அந்த வண்டிக்கே போகாது. ஈரக் கழிவு தொட்டியில் மக்கினால் அதுவும் போகாது. மிச்சம் இருப்பது ஒரு கைப்பிடி. மாநகராட்சி சரியாகச் செய்யாவிட்டாலும் நம்ம பிரிச்ச வேலை வீணாகாது. பிரித்துக் கொடுத்ததைக் கண்ணெதிரே கலந்தால், சென்னையில் 1913-க்கு போன் பண்ணிப் புகார் சொல்லுங்க. ஒரு வீடு சொன்னால் புகார், அபார்ட்மென்ட்டே சேர்ந்து சொன்னால் அது அழுத்தம்.

மக்கள் மாற மாட்டாங்கன்னு சொல்றவங்களுக்கு நீலகிரியில் ஒரு பதில் இருக்கு. காட்டில் உடைந்து கிடந்த மது பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழித்ததால், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022-ல் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தக் காசையும் திருப்பித் தந்தார்கள். பெரும்பாலான பாட்டில்கள் கடைக்கே திரும்பி வந்தன! திருப்பிக் கொடுக்க ஒரு வழியும் ஒரு காரணமும் இருந்தால், யாரும் வீசியெறிய மாட்டார்கள்.

உங்க ஃப்ளாட்டில், ஹாஸ்டலில், பேச்சிலர் ரூமில் அந்த வழியை நீங்களே உண்டாக்கலாம். மாடிப்படிக்கு அடியில் ஒரு பொது சாக்குப் பை. வாட்ஸ்அப் குரூப்பில் 'சனிக்கிழமை பேப்பர்க்காரர் வர்றார்' என ஒரு மெசேஜ். வர்ற காசு, காலையில் விசில் ஊதுற அக்காவுக்கு ஒரு ஜோடி நல்ல கையுறை வாங்கப் பத்தும்.