நாலு தோள், ரெண்டு இடுப்பு

வண்டி போகாத தோட்டத்து வீட்டில் ஒருவர் விழுந்துவிட்டால் அன்று கயிற்றுக் கட்டில்தான். வாழப்பாடியோ பரமத்தி வேலூரோ, கட்டிலோடு நாலு பேர் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு தார் ரோடு வரை நடப்பார்கள். ஒருவர் களைத்தால் கூட வருகிறவர் தோள் மாற்றிக்கொள்வார். 60 கிலோ ஆள் என்றால் கட்டிலும் சேர்த்து ஆளுக்கு 20 கிலோ. அதுவும் நிமிர்ந்த முதுகோடு. வழியிலேயே உயிர் போனவர்கள் உண்டு. அந்தக் காலத்துக்காக நான் ஏங்கவில்லை.

2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. வண்டியில் இரண்டே பேர்: ஓட்டுநர், மருத்துவ உதவியாளர். ஸ்ட்ரெச்சருக்குச் சக்கரம் உண்டு. ஆனால் பாட்டி வழுக்கி விழுந்த குளியலறைக்குள்ளும், குறுகலான மாடிப்படியிலும், ஆத்தூர் ரோட்டோரப் பள்ளத்திலும் சக்கரம் உருளாது. தரை வரை குனிந்து, இடுப்பைத் திருகித்தான் தூக்க வேண்டும். அப்போது முழு அழுத்தமும் முதுகெலும்பின் அடிப்பகுதி வட்டுகளில் இறங்குகிறது. வருடக்கணக்கில் நசுங்கிய வட்டு ஒருநாள் பிதுங்கி நரம்பை அழுத்தினால் வலி கால் வரை இழுக்கும்.

ஆஸ்பத்திரிக்குள்ளும் இதே கதைதான். சேலத்தில் 1986-ல் மருத்துவக் கல்லூரி வந்தது. நாமக்கல்லில் 2022 ஜனவரியில். லிஃப்ட், ஸ்கேன், சக்கரக் கட்டில் எல்லாம் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு வந்துவிட்டன. ட்ராலியிலிருந்து கட்டிலுக்கு மாற்றும் அந்த ஒரு முழ தூரத்துக்கு மட்டும் பெரும்பாலும் பழைய வழிதான்: பெட்ஷீட்டின் நாலு மூலையைப் பிடித்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு!"

நோயாளியின் எடையோ அப்படியே நிற்கவில்லை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் அதிக எடை உள்ளவர்கள் 2015-16-ல் 30.9 சதவீதம், 2019-21-ல் 40.4. நோயாளியைக் கையால் தூக்குவதில் ஒருவர் சுமக்கலாம் என்று அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2007-ல் சொன்ன உச்ச வரம்பு ஏறக்குறைய 16 கிலோ. நம் ஊர் நர்ஸும் ஆயாவும் ஒரே ஷிஃப்டில் அதை எத்தனை தடவை தாண்டுகிறார்கள்!

தூக்காமல் நகர்த்த வழுக்குத் துணி இருக்கிறது. ஸ்கேன் இயந்திரத்தோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமேயில்லை. ஒப்பந்த வேலையில் இருக்கும் ஆயாவுக்கோ, லீவு போட்டால் அன்றைய கூலி போகும். கேட்டால், "இடுப்பு புடிச்சுக்குச்சுங்க, சரியாப் போயிரும்" என்பார். தைலம் தேய்த்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். அந்த வலி வேலையில் பட்ட காயம். அதை அப்படியே பதிவேட்டில் எழுதி, சம்பளத்தோடு ஓய்வும் தர வேண்டும்.