தழைச்சத்து தின்ற தக்காளி

நறுக்கிய தக்காளியில் காம்பைச் சுற்றிய தோள்பகுதி மஞ்சளாகவே நின்று, உள்சதை வெளிறி விறைப்பாக இருந்தால், காயிலேயே பறித்துவிட்டார்கள் என்று சொல்லிவிடுகிறோம். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் செடியிலேயே பழுத்த பழத்திலும் இந்த மஞ்சள் தோள் வருகிறது. கடும் வெயில், ரகத்தின் இயல்பு ஆகியவற்றோடு சாம்பல்சத்துக் குறைவும் இதற்குக் காரணம். சிவப்பு நிறம் தரும் லைக்கோபீன் பழம் முழுக்க ஒரே சீராக உருவாக அந்தச் சத்து வேண்டும். தக்காளியில் ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர். மிச்சமுள்ள சொற்பத்தில் அடங்கிய குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், சிட்ரிக் அமிலம் ஆகியவையே இனிப்பையும் புளிப்பையும் தீர்மானிக்கின்றன. அந்தச் சொற்பத்தில் மண்ணுக்கும் உரத்துக்கும் உள்ள பங்கை நாம் மிகவும் குறைத்து மதிப்பிடுகிறோம்.

தக்காளி மண்ணிலிருந்து அதிகம் எடுத்துக்கொள்வது தழைச்சத்தை அல்ல, சாம்பல்சத்தைத்தான். இலையில் உருவாகும் சர்க்கரை காய்க்குப் போய்ச் சேரவும், பழத்தில் அமிலம் கூடவும் அது துணைநிற்கிறது. தழைச்சத்து அளவு மீறினால் செடி கருகருவென்று செழிக்கும், ஆனால் பழுப்பது தள்ளிப்போகும், வைட்டமின் சி குறையும். இருந்தும் வயலுக்கு முதலில் போவது தழைச்சத்து உரமான யூரியாதான். இதற்கு விவசாயியைக் குறை சொல்வது நியாயமில்லை. 2010-ல் உரங்களுக்குச் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோது யூரியா மட்டும் அரசின் விலைக்கட்டுப்பாட்டிலேயே நின்றது. 45 கிலோ மூட்டை இன்றும் 270 ரூபாய்க்குள் கிடைக்கிறது. வெளிநாட்டு இறக்குமதியையே நம்பியிருக்கும் சாம்பல்சத்து உரமான பொட்டாஷின் விலையோ அதைப்போல் பல மடங்கு. விலையே விவசாயியைத் தழைச்சத்தின் பக்கம் தள்ளும்போது, சமச்சீர் உரம் இடச் சொல்லும் அறிவுரை அவர் காதில் எப்படி ஏறும்?

அதற்காகப் பொட்டாஷை அள்ளிக் கொட்டினால் போதும் என்றும் ஆகாது. தக்காளியின் அடிப்பக்கம், பூ உதிர்ந்த இடத்தில், முதலில் நீர் கோத்ததுபோல் ஒரு புள்ளி தோன்றும். பிறகு அது கறுத்து, தோலைப்போல் காய்ந்து, உள்வாங்கிவிடும். இந்த நுனி அழுகலைப் பூஞ்சை நோய் என்று நினைத்து மருந்தடிப்பவர்கள் உண்டு. உண்மையில் அது காய்க்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேராததன் விளைவு. பல நேரம் மண்ணில் அந்தச் சத்து போதிய அளவு இருக்கும். அது நீரோட்டத்தோடுதான் செடிக்குள் நகர்கிறது. நீரை அதிகம் ஆவியாக்கும் இலைகள் பெரும்பங்கை இழுத்துக்கொள்ள, காய்க்குக் கொஞ்சமே கிடைக்கிறது. ஒருநாள் காய்ச்சலும் மறுநாள் பாய்ச்சலுமாக நீர் விட்டால் அதுவும் தடைப்படும். யூரியா மண்ணில் மாறும்போது உருவாகும் அம்மோனியமும், அளவு மீறிய பொட்டாஷும் வேரில் சுண்ணாம்புச்சத்தோடு போட்டியிடுகின்றன. ஈரம் விரைவில் வடிந்துவிடும் செம்மண் நிலங்களில் தொழுவுரம் அவசியமாவது இதனால்தான். அது ஈரத்தைப் பிடித்துவைத்து நீரோட்டத்தைச் சீராக்குகிறது.

ருசி போனதற்கு உரமல்ல, ரகம்தான் காரணம் என்பது வலுவான மறுப்பு. 2017-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, வணிக ரகங்களில் மணமூட்டும் பல சேர்மங்கள் பழைய ரகங்களில் இருப்பதைவிடக் குறைந்துவிட்டதைக் காட்டியது. மண்ணை மாற்றி அந்த மணத்தை மீட்க முடியாது. ஆனால் எந்த ரகமானாலும் அதன் எல்லைக்குள் எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு நிறம் என்பது வளர்ப்பில் இருக்கிறது. இயற்கை உரம் மட்டும் போதும் என்போர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பத்தாண்டு மாதிரிகளை ஒப்பிட்டு 2007-ல் வெளியான ஆய்வைக் காட்டலாம். இயற்கை முறைத் தக்காளியில் க்வெர்செட்டின் என்னும் ஃப்ளேவனாய்டு 79 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஆனால் மண்ணில் கரிமப்பொருள் சேரச் சேர, இட்ட எருவின் அளவைக் குறைத்த ஆண்டுகளோடும் அந்த உயர்வு பொருந்திப்போனது. அப்படியானால் தழைச்சத்தை அளவோடு தருவதே அதற்கு ஒரு காரணம் என்று கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

எடைக்குத்தானே காசு, ருசிக்கு யார் தருகிறார்கள் என்று ஒட்டன்சத்திரத்திலோ பாலக்கோட்டிலோ ஒரு விவசாயி கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானது. நீரைக் குறைத்தோ உவர்நீர் பாய்ச்சியோ இனிப்பைக் கூட்டினால் எடை குறையும் என்பது உண்மை. உரச் சமநிலை அப்படிப்பட்டதல்ல. நுனி அழுகிய காயும் வெடித்த காயும் தரம் பிரிக்கும்போதே கழிந்துவிடுவதால் இழப்பு எடையில்தான் விழுகிறது. மண்ணைப் பரிசோதித்து அடியுரம் இட்டு, காய் பிடித்ததும் யூரியாவைக் குறைத்து, பொட்டாஷைச் சொட்டுநீரோடு பல தவணையாகக் கொடுத்தால் பெட்டிக்குப் போகும் காய் கூடும். பொட்டாஷ் மூட்டைக்கும் யூரியா மூட்டைக்கும் உள்ள விலை இடைவெளியை அரசு குறைத்தால், இதைச் செய்யத் துணிகிற சிறு விவசாயிகளும் பெருகுவார்கள்.