எருதின் கழுத்துக்கு ஏற்ற நுகம்

உழவுயந்திரம் வந்தபின் வயல்களில் எருதுகள் குறைந்துவிட்டன என்பது உண்மையே. ஆயினும் 2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக வரிசையில் நின்ற கமக்காரர், பழகிய ஒரு சோடி எருதின் அருமையை அறிவர். அவற்றுள் ஒன்றுக்குக் கழுத்துப் புண் உண்டாயின் சோடி முழுவதுமே பயனற்றதாகிவிடும். இப்புண்ணை மாட்டின் குற்றமென்று கூறுவோர் உளர். பெரும்பாலும் அது நுகத்தின் குற்றமேயாகும்.

நுகத்தின் பாரம் திமிலுக்கு முன்னே அகன்ற பரப்பிற் பரவுதல் வேண்டும். திமில் ஒருபுறஞ் சாய்ந்த அல்லது பழைய தழும்புள்ள எருதிலே, நேரான மரம் இரண்டொரு புள்ளிகளில் மட்டுமே படும். அவ்விடங்களில் இரத்தவோட்டந் தடைப்பட்டுத் தோல் நலிகின்றது.

இதனை அறிதல் எளிது. நுகத்தின் அடிப்பக்கத்தில் அடுப்புக்கரியைக் குழைத்துப் பூசுங்கள். கரிய மாடாயின் சாம்பலைப் பூசுங்கள். மாட்டைச் சமதரையில் நிறுத்தி, நுகத்தைக் கழுத்தில் வைத்து நேரே தூக்கி எடுங்கள். அடையாளம் தொடர்ச்சியாக இன்றிப் புள்ளிகளாகக் காணப்பட்டால், நுகத்தில் அப்புள்ளிகளுக்கு நேரான இடங்களைச் சீவி, விளிம்புகளை மழுக்கி, மீண்டும் வைத்துப் பாருங்கள். ஒரே தடவையில் அதிகம் சீவிவிடலாகாது.

சாக்குத் துணியைச் சுற்றினாற் போதுமென எண்ணுவது தவறு. இறுகிய செருப்புக்குள் தடித்த துணியைத் திணித்தால் கால் நோவு குறையுமா? அன்றியும், சேறும் வியர்வையும் ஊறிய சாக்கு காய்ந்தபின் மரத்தினும் கடிதாக உராயும்.

சோடியின் பலம் ஒத்திராவிடின், ஏர்க்காலைப் பூட்டும் இடத்தைப் பலமுள்ள எருதின் பக்கம் சிறிது நகர்த்தலாம். இரு கழுத்துகளுக்கும் இடைத்தூரம் 100 சதமமீற்றராயின், நடுவிலிருந்து 5 சதமமீற்றர் நகர்த்தினால் இழுவையில் 100க்கு 55 பங்கு பலமுள்ளதற்கும் 45 பங்கு மற்றையதற்கும் சேரும். வண்டிலிலோ சுமையை ஏற்றும் முறையே முக்கியம். முன்பாரம் கழுத்தை அழுத்தும். பின்பாரம் நுகத்தை மேலே தூக்கிக் கழுத்துக்கயிற்றால் தொண்டையை இறுக்கும்.

மாடு வாங்கும்போது கழுத்திலே தனியே வெண்மயிர் முளைத்த இடமுண்டோ எனப் பாருங்கள். அது பழைய புண்ணின் சுவடாக இருத்தல் கூடும். விற்பவர் அதனைச் சொல்லமாட்டார்.

நாள்தோறும் பூட்டுமுன் உள்ளங்கையால் கழுத்தைத் தடவிப் பார்த்தல் நன்று. சூடோ வீக்கமோ தென்பட்டால் அன்று பூட்டலாகாது. தோல் உரிந்திருப்பின் உப்பு நீராற் கழுவி, ஈ மொய்க்காது காத்து, புண் ஆறி மயிர் முளைக்கும்வரை ஓய்வு கொடுங்கள். புழு விழுந்தாலோ சீழ் கட்டினாலோ தாமதியாது மிருக வைத்தியரை அழையுங்கள்.